பொனட் ஓட்டையில் நல்ல தண்ணீர்

நான் வாங்கியது ஜப்பானில் இருந்து இறக்கிய பழைய டர்போ கார். பார்வைக்கு நாலு கதவு வைத்த சாதாரணக் குடும்பக் கார்தான். பொனட்டின் நடுவில் மட்டும் தவளை வாய் போல ஒரு ஓட்டை இருக்கும். ஓடும்போது அதற்குள் காற்றுப் புகுந்து, டர்போ அனுப்பும் சூட்டுக் காற்றைக் குளிரவைக்கும். இதை வீட்டில் எல்லோருக்கும் விளக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் படித்து உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் என்பதால் எதையும் விளக்கிச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பும் பழக்கமும் உண்டு.

வாங்கிய புதிதில் ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரைத் தாழ்த்தினேன். கல்முனை பஸாரில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சவளக்கடைப் பக்கம் வாய்க்கால் வேலையை மேற்பார்வை பார்க்கப் போன முதல் கிழமையே வயல் வீதிக் கல்லில் காரின் அடிவயிறு உரசியது. பேசாமல் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். பிறகு பெரிய சைலன்ஸர். சத்தம் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் பள்ளிவாசல் வரும் இடமெல்லாம் கியரை எடுத்துவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பவன் போல உருட்டிக்கொண்டு போவேன். டர்போவின் மிச்சக் காற்றை வெளியே விடும் வால்வு ஒன்றும் பூட்டினேன். அக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் 'புஸ்' என்று மூச்சு விடும்.

"இதுக்கு இழுப்பு வருத்தம்டா மகன்," என்றார் உம்மா. "கொஞ்சம் சுக்குத் தண்ணி குடு."

வாப்பா கடலுக்குப் போகிறவர். கார் வந்த அன்று பொனட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். எத்தனை குதிரை வலு என்று கேட்டார். சொன்னேன். தன் வள்ளத்து எஞ்சினோடு மனதுக்குள் ஒப்பிட்டிருப்பார்.

"இத வள்ளத்துல பூட்டினா அந்தமானுக்குப் போயிட்டுச் சோத்துக்குத் திரும்பி வரலாம்."

அன்றிலிருந்து பின்னேரங்களில் காரைக் கழுவுவது அவருடைய வேலையாயிற்று. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு வீதிதான். உப்புக் காற்றில் இரும்பு கறல் பிடித்துவிடும். கடலில் இருந்து வந்ததும் வள்ளத்து எஞ்சினைக் கழற்றி, நல்ல தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் இறக்கி ஓடவிடுவார். உள்ளே போன உப்பு வெளியே வந்தால்தான் அவருக்கு நித்திரை வரும். காரையும் அதே கவனத்தோடு தேய்ப்பார். என்னோடு வரும்போது டர்போவின் அமுக்கத்தைக் காட்டும் சின்ன மீட்டரில் இருந்து கண்ணை எடுக்க மாட்டார். "எழும்புது, எழும்புது... ஆ, விழுந்துட்டு. ஏன்டா கால எடுத்த நீ?" என்பார்.

"மாடு வாப்பா."

"மாடு ஒதுங்கும்டா."

எனக்கு அக்கரைப்பற்றில் பெண் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். ஒரு நாள் டயரைத் தேய்த்துக்கொண்டே வாப்பா கேட்டார்:

"காரும் போகுமா?"

"பின்ன, நான் எதுல வேலைக்குப் போற?"

"ஓம், ஓம். சும்மாதான் கேட்ட நான்."

பெண் வீட்டார் பூச்சோடித்த கார் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார்கள். வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சுக்கு வந்திருந்த எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "என்ட மகன் அவன்ட கார்லதான் வருவான். சாமான் எல்லாம் அவனே பூட்டின கார். வேற ஆக்களுட கார்ல நான் அவன ஏத்தமாட்டன்."

அதற்குப் பிறகு அந்த வாக்கை அந்தப் பழைய எஞ்சின்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

கல்யாண நாள். நிக்காஹ் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. காலையில் கல்யாணக் கோட்டு எடுக்கக் கல்முனைக்குப் போய்வந்து காரை வாசலில் விட்டேன். வாப்பா வாளியோடு வந்தார். நான் குளிக்கப் போனேன். மத்தியானம் லுஹர் தொழுது, கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால் கார் குளிரில் நடுங்கும் ஆள் போல உதறியது. இருமியது. எஞ்சின் விளக்குக் கண்ணைச் சிமிட்டியது. பிறகு நின்றுவிட்டது.

உம்மா வாசலுக்கு வந்தார். "அல்லாஹ்வே, இண்டைக்கா இதுக்கு இழுப்பு வரோணும்?"

கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பொனட்டைத் திறந்தேன். பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் ஒன்றை இழுத்தேன். அதன் நுனியில் இருந்து தண்ணீர் சொட்டியது. அது இருந்த பிளக் குழிக்குள் எட்டிப் பார்த்தால் அங்கேயும் தண்ணீர்.

"இது எங்கால வந்த தண்ணி?" என்றேன்.

வாப்பா வாளியைப் பார்த்தார். பிறகு பொனட் ஓட்டையைப் பார்த்தார்.

"அதுக்குள்ளால கொஞ்சம் ஊத்தின நான். உள்ளுக்க இருக்கிற உப்புப் போகட்டும் எண்டு."

"வாப்பா, அது காத்துப் போற ஓட்டையெல்லோ!"

"காத்துப் போற வழியாலதானேடா உப்பும் போகும்?"

அவர் குரல் தணிந்தது. "நாளையில இருந்து அங்க ஆரு இதக் கழுவப் போறா? அதான், போக முந்தி ஒருக்கா நல்லாக் கழுவி விடுவம் எண்டு..."

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த கொயிலை இழுத்தேன். அதுவும் நனைந்திருந்தது.

தங்கை தலைமுடி காயவைக்கும் மெஷினை நீள வயரோடு கொண்டு வந்தாள். "எனக்கே இன்னும் முடி காயல்ல. முதல்ல மாப்பிள்ளட காருக்கா?" என்று திட்டினாள். நான் துணியைக் குச்சியில் சுற்றிக் குழிகளைத் துடைத்தேன். வாப்பா கல்யாணத்துக்கு உடுத்த புதுச் சாரனோடு குந்தி இருந்து, கொயில்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சூட்டுக் காற்றில் திருப்பித் திருப்பிக் காட்டினார். கருவாடு காயவைக்கிறவர் கை. எந்தப் பக்கமும் தப்பவில்லை.

போன் அடித்தது. பெண்ணின் நானா, அண்ணன்காரர்.

"மச்சான், வெளிக்கிட்டாச்சா? வேன் ஒண்டு அனுப்பவா?"

நான் வாய் திறக்கும் முன் வாப்பா போனை வாங்கினார். "வெளிக்கிட்டாச்சு மகன். என்ன சத்தமா? அது காத்து. கண்ணாடி திறந்திருக்கி." மெஷின் அவர் மறுகையில் இரைந்துகொண்டிருந்தது. தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டுச் சாவியை நீட்டினேன். "நீங்க திருப்புங்க வாப்பா."

"நான் மாட்டன். நீ திருப்பு. பிஸ்மி சொல்லித் திருப்பு."

முதலில் ஒரு இருமல். பிறகு ஒரு உதறல். அதன் பிறகு பழைய சத்தம், ஊருக்கே கேட்கிற சத்தம். வாப்பா பொனட்டை மூடி, அதன் மேல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அக்கரைப்பற்று வரை அவர் மீட்டரைப் பார்க்கவே இல்லை. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். பெண் வீட்டு ஒழுங்கையில் திரும்பியபோது நான் காலை எடுத்தேன். 'புஸ்' என்றது. நின்றவர்கள் சிரித்தார்கள். வாப்பா, பெண்ணின் தகப்பனான மாமாவின் கையைப் பிடித்து ஸலாம் சொன்ன கையோடு அவரைக் காரின் முன்னால் கூட்டிப் போனார்.

"மச்சான், இது உப்புக் காத்துப் படுற இடம். ஒவ்வொரு நாளும் கழுவோணும். இந்த ஓட்டைக்குள்ள மட்டும் தண்ணி ஊத்தப்படாது. இதால காத்துப் போய் டர்போட சூட்டக் குளிராக்கிற. விளங்குதா?"

நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள்தான். மாமா தலையாட்டினார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு ஊருக்குப் போகிறேன். சத்தம் கேட்டதும் வாப்பா வாளியோடு வாசலுக்கு வந்துவிடுவார். என்னிடம் சுகம் விசாரிக்கும் முன் பொனட்டின் ஓரத்தில் விரலை ஓட்டி, அதை நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

"ம். உப்பில்ல. அங்க நல்லாத்தான் பாக்கிறாங்க," என்பார். பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார். ஆனாலும் வாளியைக் கீழே வைக்க மாட்டார்.