கிராணியின் ஊளைப் பெட்டி

கலியாணசுந்தரத்தை மலாக்காவின் காஜா பெராங்கில் யாருக்கும் பிடிக்காது. அந்த நிலையை எட்ட அவர் சும்மா இருந்துவிடவில்லை, உழைத்தார். பகலில் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, ஊர் வழக்கில் கிராணி. மாலையில் வீடு திரும்பியதும், யார் கோழி யார் எல்லையில் மேய்ந்தது, எவர் வீட்டுச் சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார்.

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஆளாளுக்கு ஒரு புதுப் பெருமை தேவைப்பட்ட காலம். பக்கத்து வீட்டுத் தம்பிராஜா, பளபளவென்று ஒரு ரேடியோ வாங்கி நடுவீட்டில் வைத்தார். தம்பிராஜா மலாக்கா செட்டி வம்சம். சாமி தமிழ்ச்சாமி, பெயர் தமிழ்ப்பெயர், பேச்சு மட்டும் மலாய்.

"தமிழே தெரியாதவனுக்கு எதுக்குடி ரேடியோ?" என்று மனைவி சாரதாம்பாளிடம் பொருமினார் கிராணி.

"ரேடியோ மலாய்லயும் பேசுதுங்க."

அதற்குப் பிறகு கிராணி சொந்தமாக ஒரு ரேடியோ செய்யாமல் எப்படி இருப்பார்? தெங்கேராவில் பழைய சாமான் கடையில் பட்டாளம் கழித்துப்போட்ட வால்வு, ஹெட்போன், செம்புக் கம்பி எல்லாம் கிடைத்தன. பால் டின்னைக் காலி செய்து, அடித்தட்டையும் மூடியையும் வெட்டி எறிந்துவிட்டு, மூங்கில் துண்டில் கம்பியைச் சுற்றினார். டின்னை ஏன் வெட்டினார் என்று சாரதாம்பாளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

ஏரியல் கட்ட உயரமான மரம் வேண்டும். அவர் முற்றத்தில் இருந்தது ஒரு பப்பாளி. தம்பிராஜா வீட்டிலோ வானத்தைத் தொடும் ரம்புத்தான். "கட்டிக்குங்க, அபாங்" என்று அண்ணன் முறை வைத்து அழைத்து, தம்பிராஜா ஏணியும் கொடுத்தார். நல்லவராக இருக்க ஆசைப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

செட்டு வேலை செய்தது. அதன் சூட்சுமம் ஒரு சின்னக் குமிழில் இருந்தது. வந்த ஒலியைத் திரும்ப அதே வால்வுக்குள் ஊட்டினால் சத்தம் பெருகும். திருகத் திருகப் பெருகும். இன்னும் ஒரு மயிரிழை திருகினால் செட்டு தானே ஊளையிட ஆரம்பிக்கும். அந்த ஊளை ஏரியல் வழியாக வெளியே போய், அதே நிலையத்தைப் பிடித்திருக்கும் பக்கத்து வீட்டு ரேடியோவிலும் புகுந்து கத்தும். இந்தக் கடைசி விஷயம் கிராணிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் திருகியிருப்பார், மயிரிழையில் நிற்கிற ஆள் இல்லை அவர்.

சென்னை வானொலி கிடைத்தது. மழை பெய்கிற மாதிரி இரைச்சல், நடுவில் நெல் விலை. அதைக் கேட்டுப் புளகாங்கிதம் அடைந்தார். தம்பிராஜா ரேடியோ மலாயா கேட்பார், இவர் சென்னை கேட்பார், யாருக்கும் சேதமில்லை.

அப்புறம்தான் தாமஸ் கிண்ண இறுதி ஆட்டம் வந்தது. சிங்கப்பூரில், இந்தோனேசியாவோடு. கிண்ணம் நம் கையில் இருந்தது. பூப்பந்தில் நம்மை யார் அசைப்பது என்ற திமிர் தெருவெங்கும் இருந்தது. முதல் நாள் மாலை தெருவே தம்பிராஜா வீட்டில் கூடியது. அழைப்பு கிராணிக்கும் வந்தது.

"அவன் வீட்டுப் பாயில உக்காந்து கேக்கவா? என்கிட்ட செட்டு இருக்கு" என்று ஹெட்போனை மாட்டி, செட்டை ரேடியோ மலாயாவுக்குத் திருப்பினார்.

அறிவிப்பாளர் குரல் உயரும்போதெல்லாம் கிராணிக்கு இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டியிருந்தது. குமிழைத் திருகினார். பக்கத்து வீட்டில், பந்து வலையைத் தாண்டும் சரியான அந்த நேரத்தில், "ஊஊஊய்ய்ங்!" பந்து எங்கே விழுந்தது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. ரேடியோவைத் தட்டினார்கள், தூக்கினார்கள், திட்டினார்கள்.

தம்பிராஜாவின் மனைவி ருக்மணி எரிச்சலோடு வாசலுக்கு வந்தாள். வேலிக்கு அப்பால் ஜன்னலில் கிராணியின் மணிக்கட்டு தெரிந்தது. அது திரும்பியது, உள்ளே ஊளை ஏறியது. அது பின்வாங்கியது, ஊளை இறங்கியது. இரண்டு தரம் பார்த்தாள்.

"இங்க வாங்க எல்லாரும்! ஊதுறவன் இங்க இருக்கான்!"

சண்டை மலாயில் நடந்தது. அதுவரை 'அபாங்' ஆக இருந்தவர் ஒரே நொடியில் 'லூ' ஆனார், அதாவது மரியாதை கெட்ட 'நீ'.

"லூ வேணும்னே பண்றே!"

"உன் செட்டு மட்டமான செட்டு. கடையில ஏமாந்துட்டு என்கிட்ட வராதே!"

"மரம் யாரோடது?" என்றார் தம்பிராஜா.

கிராணியின் முகம் அப்போதுதான் மாறியது. "வயர்ல கை வைக்காதே. அது இல்லாட்டி செட்டு செத்துடும்."

தம்பிராஜா உள்ளே போனார். பாராங் என்ற நீள வெட்டுக்கத்தியை எடுத்து வந்தார். ஒரே வெட்டு. கம்பி அறுந்து ரம்புத்தான் மரத்தடியில் சுருண்டு விழுந்தது.

மறுநாள் மாலை, மிச்சமிருந்த முழ நீளக் கம்பியோடு கிராணி எவ்வளவோ போராடினார். செட்டு இரைந்தது, பேசவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவோ கண்ணாடி மாதிரி தெளிவாக ஒலித்தது. முகம் கழுவுகிற சாக்கில் குளியலறைப் பக்கம் நின்று கேட்டார். ஊளை இல்லை. இரைச்சல் இல்லை. மலாயா தோற்றது, ஒவ்வொரு புள்ளியும் துல்லியமாகக் காதில் விழும்படி.

தம்பிராஜா வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கிராணி வேலியருகே போனார். வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தர்ப்பம் அவருக்கு வாய்த்ததில்லை.

"இன்னிக்கு யாருப்பா ஊதுனது?"

 ருக்மணி எழுந்து வந்தாள். கையில் அறுந்த கம்பி. வேலிக்கு மேலாக அவர் காலடியில் வீசினாள்.

"மரத்துல கட்டிக்க. ஆனா நாங்க கேக்குற ஸ்டேஷனை லூ கேக்கக் கூடாது. கேட்டா, அடுத்த வெட்டு வயர்ல இல்ல."

கம்பியை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டினார் கிராணி. இந்தத் தடவை ஏணி கிடைக்கவில்லை. அலுவலகத்திலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார்.

அதன் பிறகு தஞ்சாவூர் நெல் விலையை அவரைப் போல் தெரிந்துவைத்திருந்தவர் மலாக்காவில் இல்லை. மலாயாவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும், ஹெட்போனைக் கழற்றிவிட்டு வேலிப்பக்கம் காது கொடுக்க வேண்டியிருந்தது. அவர் வருவது தெரிந்தால் தம்பிராஜா சத்தத்தைக் குறைத்துவிடுவார்.