மூட்டுவலிக் கஷாயம்

வயலுக்கு விட வெல்லம் கரைத்துப் புளிக்கவைத்திருந்த டிரம்மை இன்று காலை என் வீட்டுக்காரர் திறந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது கீழ்வேளூரில் அப்பா கொல்லையில் வைத்துத் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுவார். வடித்து முடித்ததும் பானையடியில் கறுப்பாகத் தண்ணீர் நிற்கும். அதில் போதை கிடையாது, புளிப்பும் கசப்பும்தான். ஆனால் அடுத்த ஊறலில் அதைக் கலந்தால்தான் மணம் வரும் என்பார். அம்மா அதை ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, வேட்டித்துணியால் வாயைக் கட்டி, மாவடுவுக்குப் பக்கத்தில் வைப்பாள். மேலே பாலாடைபோல ஒன்று படியும். அதை யாரும் கலைத்துவிடக் கூடாது.

ஒருநாள் சோதனைக்கு வந்த போலீஸ்காரர் நேராக அந்த ஜாடியைத் திறந்தார். அப்பாவுக்கு முகம் வெளிறிப்போனது.

"என்னம்மா இது?"

"மூட்டுவலிக் கஷாயங்க. வேணும்னா குடிச்சுப் பாருங்க," என்றாள் அம்மா.

ஒரு மடக்கு குடித்ததும் அவர் முகம் அஷ்டகோணலானது. "கஷாயந்தான்," என்று போய்விட்டார்.

மறுவாரம் அவரே திரும்பி வந்தார். கையில் காலி பாட்டில் வைத்திருந்தார்.

"எங்கம்மாவுக்கு முட்டி வலிங்க. கொஞ்சம் குடுங்க."

அம்மா மேலே படிந்த ஆடை கலையாமல் பதமாக மொண்டு கொடுத்தாள். அவர் தலை மறைந்ததும், "அடுத்த ஊறலுக்கு மணம் பத்தாது," என்று அப்பா முனகினார்.

"ஜெயில்ல என்ன மணக்கும்னு பாக்கணுமா?" என்றாள் அம்மா.

என் வீட்டுக்காரர் டிரம்முக்குள் கம்பை விட்டார். "ஐயோ, ஆடையைக் கலைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன்.