கம்பெனி அயிட்டம்

எங்கள் சப்ளையர் மேசைமேல் ஒரு மஞ்சள் துணியை விரிப்பார். அதன் நடுவில் ஒரு ஸ்பேனரை வைப்பார். "கையில எடுத்துப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பார். நகைக்கடையில் பெண்வீட்டாருக்கு ஆரம் காட்டுகிற தோரணை அது. திருவொற்றியூரில், துறைமுகத்துக்கு ஓடும் டிரெய்லர்களையும் கன்டெய்னர் பெட்டி தூக்கும் வண்டிகளையும் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் நான் அப்போது ஸ்டோர் கீப்பர். நெய்யில் குளிப்பாட்டியது போல அந்த ஸ்பேனர் மினுங்கும். ஒருமுறை அந்த மினுக்கலிலேயே முகம் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார் மனிதர். அதைப் பார்த்துச் சிரித்த நான், சரக்கின் தரமும் அந்த மினுக்கலோடு முடிந்துவிடுகிறது என்று யோசிக்கவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வாய் கசக்கிறது. என்னை நினைக்கும்போதும் அப்படித்தான்.

அவரிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் இருந்தது. "கம்பெனி அயிட்டம் சார்." எந்தக் கம்பெனி என்று கேட்டால், "நல்ல கம்பெனி சார்" என்பார். அது எங்கே இருக்கிறது என்றால், "வடக்க சார்" என்பார். வடக்கு என்றால் அவருக்கு மீஞ்சூருக்கு அப்பால் இமயமலை வரைக்கும் ஒரே ஊர். பெயரில்லாத ஏதோ கொட்டகையில் வார்த்து முலாம் பூசிய இரும்பை, அந்த இரண்டு சொற்களைச் சொல்லியே எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார். மாதம் ஒருதரம் திருப்பதி லட்டு வேறு கொண்டுவருவார். அவ்வளவு தரம் மலையேறியவர் ஒருதரமாவது அங்கே மனசு கூசி நின்றிருக்கமாட்டாரா என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஆபீஸ் லட்சணமும் அவருக்கு ஏற்றதாகத்தான் இருந்தது. எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும், அதில் மலிவானதை எடுக்க வேண்டும் என்பது விதி. மூன்றையும் அவரே கொண்டுவருவார். மூன்று கடைப் பெயர், மூன்று நிறத் தாள், மூன்று கையெழுத்து. ஆனால் மூன்றிலும் ஸ்பேனர் என்கிற வார்த்தையில் அதே ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை, கண் இருந்தால் போதும். எனக்குக் கண் இருந்தது. மூன்றையும் கோப்பில் போட்டுத் துளையிட்டுக் கட்டினேன். தணிக்கைக்கு வந்தவர்கள் கோப்பு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நல்ல சரக்கு விற்கிற ஆள் ஊரில் இல்லாமல் போய்விட்டாரா என்றால், அதுவும் இல்லை. ராயபுரத்தில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில், நாலு பேர் நின்றால் அடைத்துக்கொள்கிற ஒரு கடை. தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் நடத்தினார். ஒருநாள் பெரிய சைஸ் ரிங் ஸ்பேனர் விசாரிக்கப் போனேன். எந்த வண்டி, எவ்வளவு பெரிய நட்டு, இறுக்குகிற ஆள் எப்படி என்று பெண் பார்க்க வந்தவர் மாதிரி துருவித் துருவிக் கேட்டார். கடைசியில், "இப்ப எங்கிட்ட இருக்கது ஒங்க சோலிக்குத் தாங்காது தம்பி. பத்து நாள் பொறுங்க, சரியானது வரும்" என்றார். விற்கமாட்டேன் என்று சொல்கிற வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். சரி, மூன்று கொட்டேஷன் கொடுங்கள் என்றேன். "கடை ஒண்ணுதானவே இருக்கு, அப்புறம் எப்படி மூணு தாள்?" என்று கேட்டார். வெறுங்கையோடு வந்துவிட்டேன். எங்கள் விதிப்படி அவர் லாயக்கில்லாத சப்ளையர். தன் ஒரே கடைக்கு மூன்று பெயர் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதரை எந்த விதி மதிக்கும்?

இதெல்லாம் கடைசியில் எங்கள் மேஸ்திரியின் கையில்தான் வந்து விடிந்தது. வியாசர்பாடிக்காரர். பட்டறையின் பிட்டர்களுக்கெல்லாம் தலைவர். புது ஸ்பேனர் எது வந்தாலும் அதன் வாய் ஓரத்தில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். நல்ல எஃகு என்றால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். மட்டமானது என்றால் கடித்துப் பொடி உதிரும். பொடி உதிர்ந்ததை என் மேசையில் கொண்டுவந்து போட்டு, "இன்னா நைனா, பளபளன்னு கீது, ஆனா அரம் கடிக்குதே? இத்த வச்சிகினு நான் நட்ட கயட்டறதா, உயிர வுடறதா?" என்பார். நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் நானா நீங்களா என்று ஒருநாள் கத்தினேன். கத்தியதோடு விடாமல் ஒரு ஏற்பாடும் செய்தேன். திருட்டுப் போகாமல் இருக்க, எங்கள் கம்பெனியின் மூன்று எழுத்தை ஒவ்வொரு கருவியிலும் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிப்பது வழக்கம். அந்த வேலை என்னுடையது. "இனிமே எழுத்து இருந்தா நான் பார்த்துட்டேன்னு அர்த்தம். நீங்க அரத்த எடுக்க வேணாம்" என்றேன். மேஸ்திரி அரத்தை என் மேசைமேல் வைத்தார். "சரி நைனா, உன் பேச்சு" என்றார். அன்றிலிருந்து அவர் அரத்தைத் தொடவில்லை. சொன்ன சொல்லை அப்படியே நம்பிவிடுகிறவர் அவர். எனக்கு அப்போது அது வெற்றியாகத் தெரிந்தது.

அடுத்து வந்த பெரிய ரிங் ஸ்பேனர்கள் அந்தச் சப்ளையருடையவை. எழுத்து அடிக்க உட்கார்ந்தேன். நல்ல ஸ்பேனரில் பஞ்ச் சுலபத்தில் இறங்காது. இரண்டு மூன்று அடி அடித்தாலும் எழுத்து லேசாகத்தான் விழும், கை அதிரும். இவற்றிலோ ஒரே அடியில் எழுத்து வெல்லத்தில் பதிவது போலப் பதிந்தது. இரும்பு தன் வாயாலேயே சொன்ன வாக்குமூலம் அது. நானோ, இந்தத் தடவை எழுத்து எவ்வளவு அழகாக விழுகிறது என்று சந்தோஷப்பட்டு, இன்னும் கொஞ்சம் ஆழமாகவே அடித்தேன். அதுவும் தயாரித்தவன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில். அங்கே பெயர் எதுவும் இல்லை, வழவழவென்று காலியாக இருந்தது. எழுத்து அடிக்க வசதியான இடம் என்று நினைத்தேன். என்னைவிடப் பெரிய முட்டாளை அந்தப் பட்டறை பார்த்திருக்காது.

இரண்டு வாரம் கழித்து ஒரு டிரெய்லரின் சக்கர நட்டைக் கழற்ற மேஸ்திரி தன் முழு எடையையும் கொடுத்து அழுத்தியபோது, ஸ்பேனரின் வளையம் பிளந்தது. போன வேகத்தில் கை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் விளிம்பில் போய் மோதியது. வலது கையின் கடைசி இரண்டு விரல்களையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

விசாரணை ஒரு காலை நேரத்தில் மேனேஜர் அறையில் நடந்தது. பிளந்த ஸ்பேனர் மேசைமேல் கிடந்தது. கையில் கட்டோடு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். இது நீங்கள் கொடுத்ததா என்று மேனேஜர் கேட்டபோது, சப்ளையர் அதைக் கையில் எடுத்துப் புரட்டி, என் எழுத்தின் மேல் விரலை வைத்தார். "இதுல என் பேர் எங்க சார் இருக்கு? உங்க எழுத்துதான் இருக்கு. நாலு இடத்துல வாங்குறீங்க, எதுன்னு நான் சொல்றது? இது உங்க கம்பெனி அயிட்டம் சார்" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அடப்பாவி என்று நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். எழுத்து அடிப்பதற்கு முன்னால் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றால் என் வேலை போகும். பார்த்தேன் என்றால் ஸ்பேனர் நல்ல ஸ்பேனர் ஆகிவிடும், தப்பு மேஸ்திரியுடையது ஆகிவிடும். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்வேன் என்றுதான் நினைத்திருப்பார்.

"பார்த்தேன் சார்" என்றேன்.

கவனக்குறைவு என்று எழுதினார்கள். மேஸ்திரி வேலையை எடுத்துவிட்டு அவரை கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார்கள். வெளியே தண்ணீர்க் குழாய் அருகில் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "நீயே பாத்தேன்னுட்ட. அப்பால நான் இன்னாத்த பேசறது?" திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாதமும் சப்ளையர் லட்டோடு வந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது எண்ணூர்ப் பக்கம் வேறொரு கம்பெனியில் கொள்முதல் முழுக்க என் பொறுப்பு. மஞ்சள் துணிக்குப் பதிலாகப் போனில் படம் வருகிறது, நூறு சதவீதம் ஒரிஜினல் என்று தங்க முத்திரை போட்ட சர்டிபிகேட் வருகிறது. அதே மட்டச் சரக்குதான், உடுப்பு மட்டும் புதுசு. சண்டை போட்டு, கைக் கருவிகளுக்கு ஒரே கொட்டேஷன் போதும் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். ராயபுரம் அண்ணாச்சியிடம்தான் வாங்குகிறேன். அவர் பார்த்துவைத்த சரக்கையும் நானே போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அரம் இழுத்துப் பார்க்கிறேன். என்னை ரொம்பக் கறாரான ஆள் என்கிறார்கள். சப்ளையர்கள் பயப்படுகிறார்களாம்.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது மேஸ்திரி கடைக்குள் வந்தார். ரிட்டயர் ஆகி, முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "நல்லாக்கீறியா நைனா?" என்று கேட்டார். வீட்டுத் தண்ணி மோட்டாருக்குப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று வேண்டும் என்றார். நான் சற்றுமுன் அரம் இழுத்து ஒதுக்கிவைத்திருந்ததில் ஒன்றை எடுத்து நீட்டினேன். "இத எடுத்துக்கோங்க மேஸ்திரி. நல்லா இருக்கு, நான் பார்த்தேன்" என்றேன்.

மூன்று விரல்களால் அதை வாங்கினார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கல்லாவுக்கு மேலாக அண்ணாச்சியிடம் நீட்டி, "அண்ணாச்சி, நீங்க ஒருவாட்டி பாத்துக் குடுங்க" என்றார்.

அண்ணாச்சி என் கையிலிருந்த அரத்தை வாங்கிக்கொண்டார்.