பிஸ்கட்டுக்குக் காவல் இருந்த டெல்லா

டெல்லா கிராஃப்ட்டைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் பஸ்ஸைத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறவள். பின்னால் பிள்ளைகள் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாலும் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், சத்தம் அடங்கிவிடும். ஆர்கன்சா மலைச்சாலையில் பனி உறைந்து கிடக்கிற நாளில்கூட அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் தன் வீட்டில் ஒரே ஒரு அறைக்கதவைத் திறக்க மட்டும் என்னைத் துணைக்குக் கூப்பிடுவாள். நான் அடுத்த டிரெய்லர் வீட்டு ஓப்பல். ஊர்ப் பெண்களுக்கு முடி வெட்டிவிட்டுப் பிழைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த அறையில் இருந்தது ஒரு மலைப்பாம்பு. டெல்லாவின் மகன் டிராவிஸ் வாங்கியது. வந்தபோது ஷூ லேஸை விடக் கொஞ்சம் தடிமனாக, வெந்த பிஸ்கட் நிறத்தில் இருந்ததாம், அதனால் பிஸ்கட் என்றே பெயர் வைத்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கிளம்பும்போது, "பாத்துக்கம்மா, சீக்கிரம் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அதுவும் சில வருடம் இல்லை. பிஸ்கட் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. டிராவிஸின் கட்டிலை வெளியே எடுத்துப்போட்டு, சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு வைத்த மரப்பெட்டி செய்து, சூட்டுக்கு விளக்கு மாட்டினாள் டெல்லா. கடைசியில் அது என் தொடையளவு தடித்து, பெட்டியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக மடிந்து கிடந்தது.

சின்ன வயதில் சாதுவாக இருந்தது வளர வளர முரடாகிவிட்டது. யாராவது அறைக்குள் போனால் கண்ணாடியில் வந்து மோதும். அந்தச் சத்தம் என் சமையலறை வரைக்கும் கேட்கும். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படை என்ன, எங்கள் தபால்காரர் அந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டுவிட்டு, அப்புறம் கடிதங்களை என் வீட்டில் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்.

டெல்லா சும்மா பயந்துகொண்டிருக்கவில்லை. பாம்பு வளர்ப்பவர்களிடம் கேட்டுக் கேட்டு அதன் பாடத்தைப் படித்தாள். பெட்டியைத் திறந்ததும் நீளக் கொக்கிக் கம்பியால் கழுத்தில் மெதுவாகத் தட்ட வேண்டும். தட்டினால் இப்போது தீனி இல்லை என்று அதற்குத் தெரியும், உடம்பு தளரும். தட்டாமல் திறந்தால் வருவதெல்லாம் அதற்குத் தீனிதான். கோழியோ முயலோ தொட்ட கையோடு கிட்டவே போகக் கூடாது. அதை விடப் பெரிய சட்டம், ஒற்றை ஆளாக இரை வைக்கவே கூடாது என்பது. அதற்குத்தான் நான். அறை வாசலில் விஸ்கி பாட்டிலோடு நிற்பேன். பாம்பு ஆளைச் சுற்றிக்கொண்டால், அதன் வாயோரத்தில் விஸ்கியை ஊற்றினால் விட்டுவிடுமாம். டெல்லா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், பீரைக்கூடத் தொடமாட்டாள். எங்கள் மாவட்டத்தில் மது விற்பனையும் கிடையாது. அடுத்த மாவட்டத்துக்குப் போய் நான் அதை வாங்கி வந்தபோது கடைக்காரன் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

போன இலையுதிர் காலத்தில் அது டெல்லாவின் முழங்கையில் கடித்தது. பள்ளிக்கூடத்தில் முள்வேலி கிழித்தது என்று சொல்லிவைத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வளர்க்க முடியாத பாம்புகளை எடுத்து வைத்துக்கொள்ளும் ஓர் ஆளைத் தேடிப் பிடித்து வேனோடு வரவழைத்தேன். வந்தவரை டெல்லா வாசற்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"உனக்கென்ன மூளை கெட்டுப்போச்சாடி?" என்று கத்தினேன்.

"டிராவிஸ் வந்து எங்கம்மா பிஸ்கட்டுன்னு கேட்டா நான் என்னடி சொல்றது?"

"அவன் வரட்டும் மொதல்ல."

"வருவான். அவன் பொருள் இங்க இருக்கில்ல."

அந்தப் பாம்பு போய்விட்டால் மகன் இந்த வீட்டுக்கு வர ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும் என்று அவள் பயந்தாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அதற்குத் தீனி போட்டதெல்லாம் அதற்காகத்தான்.

நவம்பரில் போன் வந்தது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வருகிறேன், உன் பேத்தியையும் கூட்டி வருகிறேன் என்றானாம். பேத்தி ஒருத்தி இருப்பதே அன்றைக்குத்தான் டெல்லாவுக்குத் தெரியும்! அதற்குக் கோபப்படக்கூட அவளுக்கு நேரம் இல்லை. வீட்டைக் கழுவினாள், பீக்கன் பருப்பை வைத்து இனிப்புப் பை சுட்டாள், அந்த அறைக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினாள். பிஸ்கட்டைப் பற்றிக் கேட்டானா என்று கேட்டேன். "நேர்ல பாத்துக்கலாம்னு இருப்பான்" என்றாள்.

பண்டிகையன்று காலையிலேயே வந்துவிட்டார்கள். டிராவிஸ் தாடி வைத்து, தோள் அகன்று, ஆளே மாறியிருந்தான். பேத்தி ரெமிக்கு நாலு வயது இருக்கும். சத்தமே இல்லாத குழந்தை. அவள் அம்மா எங்கே என்று கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேம்மா" என்றான். வண்டியிலிருந்து குழந்தையின் பெட்டி இறங்கியது. ஒரு நாள் பண்டிகைக்கு அது பெரிய பெட்டி.

எங்கள் பக்கத்தில் வான்கோழியை எண்ணெயில் முழுசாகப் பொரிப்பது ஆண்கள் வேலை. டிராவிஸ் முற்றத்தில் கேஸ் அடுப்பை வைத்து, உப்புத் தண்ணீரில் ஊறிய பச்சை வான்கோழியைத் தூக்கி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் கொதித்த பெரிய அண்டாவில் இறக்கினான். கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்திருந்த பீரைத் திறந்தான். டெல்லா அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"வாடா, உன் பிஸ்கட்டப் பாரு."

"எது?" என்றான். பிறகு சிரித்துவிட்டான். "அது இன்னும் இருக்கா?"

டெல்லாவின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். "உனக்காகத்தான்டா வெச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தாள்.

குழந்தை எங்களுக்கு முந்தி உள்ளே ஓடி கண்ணாடியில் கை வைத்து நின்றாள். வழக்கமாக வந்து மோதுகிற பாம்பு அன்றைக்கு மோதவில்லை. தலையை மெல்ல உயர்த்தி, நாக்கை நீட்டி நீட்டி, குழந்தையின் முகத்துக்கு நேராக நிறுத்தியது. அவள் இந்தப் பக்கம் நகர்ந்தால் தலையும் இந்தப் பக்கம் நகர்ந்தது, அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். ரெமியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்துவிட்டேன்.

"ஆன்ட்டி, பயந்து சாகாதீங்க" என்றான் டிராவிஸ். "ரெமி, அப்பா இதக் கழுத்துல மாலை மாதிரி போட்டுப்பேன், பாக்கறியா?"

"கம்பியால தட்டுடா மொதல்ல" என்றாள் டெல்லா.

"நான் வளத்ததும்மா."

"டேய், கோழி தொட்ட கை. கழுவிட்டு வா!"

அவள் கம்பியை எடுத்து நீட்டுவதற்குள் பெட்டியின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டான். பாம்பு வந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் கை அதன் வாய்க்குள் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த மூச்சில் தோளில் ஒரு சுற்று, கழுத்தில் ஒரு சுற்று. ஆறடி ஆள் மண்டியிட்டு விழுந்தான். கத்த வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. முகம் சிவந்து, கறுக்க ஆரம்பித்தது.

குழந்தையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். டெல்லா பாம்பின் வாலைப் பிடித்துவிட்டாள். தலைப்பக்கம் இழுத்தால் இன்னும் இறுக்கும், வாலிலிருந்துதான் பிரிக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, காலைச் சுவரில் ஊன்றி, ஒரு சுற்றைப் பிரித்தாள். "ஊத்துடி!" என்று அலறினாள். கதவோரம் எப்போதும் வைத்திருக்கும் விஸ்கி பாட்டிலை எடுத்து, பாதியை அதன் வாயோரத்தில் கவிழ்த்தேன். விடவில்லை. மீதியையும் கவிழ்த்தேன். தாடை மெல்லத் திறந்தது. இரண்டு பேருமாக அதை அள்ளிப் பெட்டிக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டோம்.

டிராவிஸ் தரையில் கிடந்து இருமினான். முற்றத்திலிருந்து வான்கோழி கருகும் நாற்றம் வந்தது. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோது, டெல்லா அவன் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இத வெச்சுக்கச் சொன்னா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தான். குரல் கரகரத்தது. "நீ அப்பவே யாருக்காவது குடுத்திருப்பேன்னு நெனச்சேன். நான் இத மறந்தே போய்ட்டேன்."

டெல்லா துண்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "சரி. அப்ப நீ எதுக்குடா வந்த?"

அவன் கதவைப் பார்த்தான். வெளியே குழந்தை நின்ற பக்கம். "அவ அம்மா எங்கள விட்டுட்டுப் போய்ட்டா. எனக்கு மாத்தி மாத்தி ஷிப்டு. ரெமிய உன்கிட்ட விடலாம்னு..."

அடுப்பிலிருந்த வாணலியை எடுத்து அவன் மண்டையில் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. டெல்லா எழுந்து போனை எடுத்து, முன்பு திருப்பி அனுப்பிய ஆளைக் கூப்பிட்டாள். "பண்டிகைன்னு தெரியுங்க. ஆனா இன்னிக்கே வரணும். வீட்ல குழந்தை இருக்கு" என்றாள். அவர் பொழுது சாய்வதற்குள் வந்து, பிஸ்கட்டைப் பெரிய தொட்டியில் அடைத்துக் கொண்டுபோனார். டெல்லா வாசலுக்குக்கூட வரவில்லை.

டிராவிஸ் அதற்கு முன்பே கிளம்பிவிட்டான். வழியில் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொள்வானாம். குழந்தையை முத்தமிட்டு, சீக்கிரம் வந்து கூட்டிப் போவதாகச் சொன்னான். டெல்லா குழந்தையின் பெட்டியை உள்ளே எடுத்துப் போனாள்.

மேசையில் நாங்கள் மூன்று பேர், சோள ரொட்டி, பீக்கன் பை. ரெமி எதையும் தொடவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

பெரியவர்கள் சொல்கிற பொய் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. டெல்லா முந்திக்கொண்டாள். நாற்காலியை விட்டு இறங்கி, குழந்தை முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுடி தங்கம். வருவாரான்னே தெரியாது. நான் இங்கதான் இருப்பேன்."

குழந்தை ஓவென்று அழுதாள். டெல்லா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். மகன் போன அந்த ஆறு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.