ஆர்லோவுக்கு ஒரு ஒன்ஸ் மோர்

போன செவ்வாய்க்கிழமை காலை, டெக்சாஸ் பிளானோவில் வழக்கமாகப் போகும் இந்தியக் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்லோவின் மகள் ஜூடியிடமிருந்து போன் வந்தது. "அப்பா செத்துட்டார், மாலதி. இன்னிக்குக் காலையில" என்றாள். நான் முருங்கைக்காயைக் கூடையில் போட்டபடியே, "எந்த சேனல்ல?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவளே அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "அவர் இருந்திருந்தா இதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்" என்றாள்.

ஆர்லோ விட்கமோடு பழகியவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியும். மாதம் இரண்டு முறையாவது அவரே என்னைக் கூப்பிட்டு, "பாஸ், நேத்து மத்தியானம் மறுபடியும் செத்தேன், பார்த்தியா?" என்பார். ஏதாவது ஒரு சேனலில் அவருடைய பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டிருப்பார்கள். குதிரையிலிருந்து விழுந்து, சாராயக் கடை மாடியிலிருந்து விழுந்து, தூக்குமேடையில், ரயில் கூரையில், ஒரு படத்தில் சவரம் செய்துகொள்ளும்போது என்று மனிதர் சாகாத இடமில்லை. எல்லாப் படத்திலும் பத்து நிமிடம்தான் வருவார். கடைசியில் ஓடும் பொடி எழுத்துகளில் அவர் பெயர் இருக்கும். சில படங்களில் அதுவும் இருக்காது. அவர் பேசியது டெக்சாஸ் ஆங்கிலம், ஜூடி பேசுவதும் அதுதான். எனக்கு வருவது மதுரைத் தமிழ், அதில்தான் நம் சங்க மலருக்கு இதை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது நான்கு வருடங்களுக்கு முன், நூலகத்தில் நாங்கள் ஒத்திகைக்கு எடுத்திருந்த அறையில். பொங்கல் விழா நாடகம். ஒரு பாளையக்காரரும் அவரோடு மோதும் கும்பினிக் கேப்டனும்தான் கதை. எழுத்தும் இயக்கமும் அடியேன். பாளையக்காரராக நடித்த செந்தில் வார நாட்களில் லெகஸி பக்கம் ஒரு கம்பெனியில் மேனேஜர். கேப்டன் வேஷத்துக்கு அதுவரை ஆள் கிடைக்காததால், கேப்டன் எப்படிச் சாக வேண்டும் என்பதையும் அவனே செய்து காட்டிக்கொண்டிருந்தான். நெஞ்சைப் பிடித்தான், அறையை ஒரு சுற்றுச் சுற்றினான், நாற்காலியில் விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். "ஐயோ... ஆ..." என்று ஊரே கூடும்படி ஒரு சத்தம்.

கதவு திறந்தது. தொப்பி போட்ட நெட்டையான வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் நின்றார். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் ஸாரி சொன்னேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, உனக்கு எங்கே குத்து விழுந்தது?" என்று செந்திலைக் கேட்டார். செந்தில் முழித்தான். "உனக்கே தெரியலைன்னா பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சுருட்டிய காகிதத்தால் தன் இடது விலாவில் செந்திலைக் குத்தச் சொன்னார்.

அடேயப்பா! அதை எப்படி எழுதுவேன்? அவர் கத்தவில்லை. குத்திய இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு செந்திலைப் பார்த்தார், ஏதோ பஸ்ஸில் தெரியாமல் காலை மிதித்தவனைப் பார்ப்பது போல. முழங்கால் மெதுவாக மடங்கியது. கம்பளத்தில் சாய்ந்தார், கண் திறந்தபடியே நின்றுபோயிற்று. எங்கள் குழுவில் வசனம் எடுத்துக் கொடுப்பவள் சுபா, ஊரறிந்த இதய டாக்டர். அவளே பதறி ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது. "இருக்கா, டாக்டர்?" என்றார். சுபாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"சாகிறவனுக்கு முதல்ல வலிக்காது. முதல்ல ஆச்சரியமா இருக்கும்" என்று எழுந்து உட்கார்ந்து சொன்னார். கேப்டன் கிடைத்துவிட்டார் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் திருவிழாதான். அவருடைய தொல்லை கொஞ்ச நஞ்சமல்ல. கேப்டன் அன்று காலை என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். நாடகத்தில் அது இல்லை என்றேன். "படத்துல ஹீரோவுக்கு ரெண்டு மணி நேரம் கொடுப்பாங்க. எனக்கு ஒரு கதவைக் கொடுப்பாங்க. கதவைத் திறக்கும்போதே நான் யாருன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சாகணும்" என்றார். சரி, ரொட்டி சாப்பிட்டிருப்பான் என்று ஒருவன் சொல்ல, பாளையத்தில் ரொட்டி ஏது, கம்பங்கூழ்தான் என்று இன்னொருத்தி சொல்ல, ஒத்திகை நேரம் முழுவதும் அதிலேயே போயிற்று. கடைசியில் கூழ் ஜெயித்தது. மறு வாரம் அவர் வயிற்றைப் பிடித்தபடி முகம் சுளித்துக்கொண்டு நடந்து வந்தார் பாருங்கள், கூழ் ஒத்துக்கொள்ளாத வெள்ளைக்காரன் என்று ஒரு நொடியில் புரிந்தது!

எனக்கும் அவருக்கும் பெரிய சண்டையும் நடந்தது. கேப்டன் சாகும்போது பேச அரைப் பக்கம் வசனம் எழுதியிருந்தேன். மண், மானம், மன்னிப்பு எல்லாம் அதில் உண்டு. சுபாவிடம் அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டார். "பாஸ், விலாவுல குத்துப்பட்டவன் இவ்வளவு பேச மாட்டான். தண்ணி கேப்பான்" என்றார். என் எழுத்தை வெட்ட இவர் யார் என்று கொதித்துப்போய், அன்று நான் கத்திய கத்தலில் நூலகக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து படித்தேன். மனிதர் சொன்னது சரிதான். அரைப் பக்கத்தையும் அடித்துவிட்டு, "தண்ணி" என்ற ஒரே சொல்லை எழுதினேன்.

அந்த ஒரு சொல்லுக்கே அவர் பயந்தார். இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு நாள் அவரை வீட்டில் இறக்கிவிட டோல்வே நெடுஞ்சாலையில் டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். சினிமாவை அவராக விடவில்லை. கடைசிப் படத்தில் அவருக்கு ஒரே வரி. மூன்று டேக்கிலும் அது வரவில்லை. "இன்னொரு டேக் கொடுங்கன்னு கேட்டேன். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பொண்ணு வந்து என் தோளைத் தொட்டு, கார் வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு. ரொம்ப மரியாதையாத்தான் பண்ணுச்சு" என்றார். அதற்குப் பிறகு இருபது வருடமாக அவர் யார் முன்னாலும் நடிக்கவில்லை. "சாவு எனக்குக் கைவந்த வேலை, பாஸ். ஆனா ஒரே ஒரு தடவை, ஜனங்களுக்கு முன்னாடி என் வரியைச் சொல்லிட்டுச் சாகணும்" என்றார். அப்போது அவருக்கு வயது எண்பத்தாறு.

பொங்கல் விழாவன்று பள்ளிக்கூட அரங்கில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மூன்றாம் காட்சி. சிவப்புக் கோட்டோடு ஆர்லோ உள்ளே நுழைந்ததுமே பிள்ளைகள் விசிலடித்தார்கள். செந்தில் வாளைச் செருகினான். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், முழங்கால் மடங்கியது. இப்போது அந்தச் சொல் வர வேண்டும்.

வரவில்லை.

திரைக்குப் பக்கத்திலிருந்து சுபா "தண்ணி, தண்ணி" என்று எடுத்துக் கொடுக்கிறாள். அந்தக் காலத்துக் கேப்டன் காதில் மெஷின் இருக்காது என்று பிடிவாதமாகக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார் மனிதர். அவருக்கு எதுவுமே கேட்கவில்லை. அவருடைய உதடு அசைகிறது, கண் அங்குமிங்கும் ஓடுகிறது. அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும், சுபாவுக்குத் தெரியும்.

அப்போது ஒரு காரியம் செய்தார். முகத்தை அண்ணாந்து, வாயைத் திறந்து, கையை உதட்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கிச் சாய்த்தார். வாய் வைக்காமல் தூக்கிக் குடிப்பது! எந்த அமெரிக்கர் அப்படிக் குடிக்கிறார்? நாங்கள் ஒத்திகையில் பாட்டிலைத் தூக்கிக் குடித்ததை மனிதர் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அரங்கத்தில் அத்தனை பேருக்கும் புரிந்தது. செந்திலுக்கும் புரிந்தது. நாடகத்தில் இல்லாதபடி அவன் வாளைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து, எதிரியின் வாயில் நிஜமாகவே தண்ணீரை ஊற்றினான். இரண்டு மடக்கு. மூன்றாவது வழிந்தது. ஆர்லோ செத்துப்போனார்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஒன்ஸ் மோர்!" அவ்வளவுதான், அரங்கமே பிடித்துக்கொண்டது. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று கூரை பிய்ந்தது. நம் ஜனங்களுக்கு நாடகத்தில் பாட்டு பிடித்தாலும் ஒன்ஸ் மோர்தான், சாவு பிடித்தாலும் ஒன்ஸ் மோர்தான். ஆனால் அவருக்கு அது தெரியாதே! நான் ஓடிப்போய்த் திரை ஓரத்தில் குனிந்தேன். பிணம் ஒரு கண்ணைத் திறந்து, "என்ன தப்பாப் போச்சு, பாஸ்?" என்றது. நான் அவர் காதுக்குள் கத்தினேன். "தப்பில்ல. இன்னொரு டேக் கேக்கறாங்க!"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. செந்தில் கை கொடுக்க, எழுந்து நின்று கோட்டை உதறிவிட்டுக்கொண்டார். வாள் செருகப்பட்டது. முழங்கால் மடங்கியது. "தண்ணி" என்றார். சுத்தமான, தாகத்தோடு வந்த தண்ணி. "கொஞ்சம் தண்ணி" என்று நான் எழுதாத சொல்லையும் சேர்த்துக்கொண்டார், திருட்டு மனிதர்! நான் அழுதேன், ஆமாம், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அடுத்த வருடம் கேட்டி ஊர்த் தமிழர் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் செத்தார், அங்கேயும் ஒன்ஸ் மோர்.

இதோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்று விழா முடிந்ததும் உங்களில் எத்தனை பேர் என் கையைப் பிடித்து, "அக்கா, அவரை மேடை ஏத்தினீங்களே, என்ன தைரியம்!" என்று சொன்னீர்கள்! தைரியமாவது, மண்ணாங்கட்டியாவது. முந்தின நாள் கடைசி ஒத்திகையில் அவர் அந்த ஒரு சொல்லை மூன்று தடவை மறந்தார். நானும் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே நம் குழுவில் இருக்கும் கார்த்திக்குக்குப் போன் போட்டு, கேப்டனாக நடிக்க வரச் சொன்னேன். இன்னொரு சிவப்புக் கோட்டு வாங்கி, அவன் பெயரை எழுதிச் சீட்டுக் குத்தி, மேடைக்குப் பின்னால் மாட்டினேன். ஆர்லோவிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பதுகூட யோசித்து வைத்திருந்தேன். விழாவன்று கார்த்திக் வந்துகொண்டிருந்த டோல்வேயில் விபத்து, கார்கள் நகரவில்லை. "அக்கா, நான் வந்து சேர முடியாது" என்று அவன் சொன்னபோது மூன்றாம் காட்சிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. வேறு ஆள் இல்லாததால்தான் ஆர்லோவை அனுப்பினேன். நான்கு வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும்தான்.

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்து கார் பக்கம் நடக்கும்போது ஜூடி கேட்டாள்: "அன்னிக்கு இன்னொரு கோட்டு மாட்டியிருந்ததாமே?" "யார் சொன்னது?" என்றேன். "அப்பா பார்த்தாராம். சீட்டு தமிழ்ல இருந்ததால படிக்க முடியலையாம், ஆனா அது தன்னோட பேர் இல்லைன்னு தெரிஞ்சுதாம். இவ்வளவு கால அனுபவம் இல்லையா?" என்றாள்.

"பின்ன ஏன் என்கிட்ட கேக்கல?" என்றேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'கேட்டா பாஸ் உண்மையைச் சொல்லிடுவா. எனக்கு மேடைக்குப் போகணும்'னார்."

அவருடைய பொருள் ஏதாவது நினைவுக்கு வேண்டுமா என்று ஜூடி கேட்டாள். வேண்டாம் என்றேன். என்னிடம் அந்தக் கோட்டு இருக்கிறது. யாரும் போடாத கோட்டு, கார்த்திக் என்ற சீட்டோடு அப்படியே இருக்கிறது. நாளைக்கு ஒத்திகை அறையில் அதை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டப் போகிறேன். யாராவது வரியை மறந்து நிற்கும்போது, நான் கடிகாரத்தைப் பார்க்காமல் அதைப் பார்க்க வேண்டும்.