மன்னிப்புக் கேட்கப் போன அமைச்சர் மனைவி

ஹரிகாய் சதனோரி தோக்கியோ அரண்மனையில் வேளாண் அமைச்சராகப் பதவியேற்ற நேரத்தில், அவர் மனைவி கினுவே வடக்கே அவருடைய தொகுதியான அகிதாவில் ஒரு சாவு வீட்டில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். தொகுதியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாகாண சபையில் தொடங்கி நாடாளுமன்றம்வரை அவர் ஏறிய ஒவ்வொரு படிக்கும் வீடு வீடாகத் தலைகுனிந்தவள் அவள்தான். பெண்ணுக்கு வீடுதான் அழகு என்று அவர் மேடைதோறும் முழங்குவார். அவளோ வீட்டில் உட்கார்ந்து சூடாகச் சோறு தின்ற நாளே குறைவு.

பதவி ஒரு குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ஏதோ விருந்தில், சாக்கே மது உள்ளே போன தைரியத்தில், "வடக்கே இருக்கற கிழட்டு விவசாயிங்க போய்ச் சேர்ந்தா நிலமாவது மிஞ்சும்" என்று சொல்லிச் சிரித்தார். யாரோ கைபேசியில் பிடித்துவிட்டார்கள். நாடே பார்த்தது. பதவி போயிற்று. அந்தச் சூடு ஆறுமுன் தேர்தலும் வந்தது.

கினுவே போனில் கெஞ்சினாள். "ஊருக்கு வாங்க. ஒரே ஒரு தடவை எல்லார் முன்னாலயும் குனிஞ்சிடுங்க."

"குனியறது உனக்குப் பழக்கம்தானே? நீயே கேட்டுடு."

அவள் பனியில் இறங்கினாள். முதல் தேர்தலிலிருந்து பிரசார வண்டி ஓட்டிய ஒக்கிஹிரோ, வண்டிச் சாவியை அவள் கையில் திருப்பி வைத்தான்.

"அண்ணி, எங்கப்பா டிவியைப் பாத்துட்டு, 'நான் எப்பப்பா சாகணுமாம்?'னு கேக்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

அவள் வண்டியை விட்டுவிட்டு வீடு வீடாக நடந்தே போனாள். உள்ளே விளக்கு எரியும், பேச்சுக் குரல் கேட்கும், கதவு மட்டும் திறக்காது. வயல் ஓரத்து விதவை இசோனோதான் திறந்தாள். கினுவே வாசற்படிக்குள்ளேயே ஈரத் தரையில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தாள்.

"எந்திரிம்மா! பேசினது அவரு, முட்டி போடறது நீயா? நல்ல குடும்பம்தான் போ!"

"இந்த ஒரு தடவை அக்கா. அவரைக் கைவிட்டுடாதீங்க."

"உனக்குன்னா எழுதுவேன். அவர் பேரை ஓட்டுச் சீட்டுல எழுத எனக்குக் கை வராது." இசோனோ அவள் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். "ஆமா, உன் பேர் என்ன? இத்தனை வருஷமா ஹரிகாய் வீட்டம்மான்னே கூப்பிட்டுட்டோம்."

கினுவே பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.

கடைசி நாள் சதனோரி வந்தார். ரயில் நிலையத் திடலில் வண்டிமேல் ஏறினார். கினுவே கீழே கைகூப்பி நின்றாள். குனிவார், இப்போது குனிவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "பத்திரிகைக்காரன் திரிச்சுட்டான்!" என்று கத்தினார். கூட்டம் கோஷம்கூடப் போடவில்லை. குடையைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தது.

ஓட்டுப்பெட்டி மூடிய சற்று நேரத்திலேயே தோல்வி என்று தொலைக்காட்சி அறிவித்துவிட்டது. ஆறுதல் சொல்லக்கூட ஒருவரும் வரவில்லை.

"நீ ஒழுங்கா கேட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்று உள்ளேயிருந்து அவர் சத்தம் போட்டார்.

கினுவே வாசலில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வெளியே போக இனி எந்த வீடும் இல்லை. உள்ளே போகவும் காலெழவில்லை.