ஓட்டை அடைத்த இராசையா

1991இல் தொண்டைக் கட்டியால் மூச்சு முட்டிய இராசையாவுக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். சாம்பல்தீவில் தோணி பழுதுபார்க்கிற மனிதர். பலகை இடுக்கில் அவர் எண்ணெய்ப் பஞ்சை இறுக்கி அடித்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது.

நான் அப்போது வீடுவீடாகப் போய்க் காயம் கட்டுகிறவள். இரண்டு நாட்கள் இராணுவம் பாதையை மறித்து வைத்திருந்ததால், மூன்றாம் நாள்தான் அவரிடம் போக முடிந்தது. வாசலிலேயே நாறியது. இராசையா கதிரையில் சாய்ந்திருந்தார். முகம் பூசணிக்காயாய் ஊதி, கண்கள் மூடிக் கிடந்தன. வீக்கம் மார்பு வரை இறங்கியிருந்தது. மூச்சு அரைவாசிதான் வந்தது. அவருடைய மனைவி கனகமணி அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய தம்பி ஞானசேகரம் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது செய்வினை, கழிப்புக் கழிக்க ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றான்.

கழுத்தைத் தொட்டேன். ஈர உப்பை நெரித்ததுபோல் தோலுக்குக் கீழே நொறுநொறுத்தது. உள்ளே இருந்தது நீருமல்ல, சீழுமல்ல, காற்று. கட்டை அவிழ்த்தேன். குழாயைச் சுற்றி எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரி இறுக்கிச் செருகியிருந்தது. சளி ஊறிப் பச்சையாகிவிட்டது.

"ஆர் செய்தது?"

"அவர்தான் அக்கா, கண்ணாடியைப் பார்த்துச் செருகினவர். குழாயைச் சுற்றிக் காத்துச் சீறுது, சளி தெறிக்குது, பக்கத்திலை இருந்து சாப்பிட ஏலாதெண்டு தம்பி சொன்னவன்."

இருமும்போது குழாயோரம் கசிகிற காற்றுக்கு வெளியே வர வழி வேண்டும். அதை அடைத்தால் தோலுக்கடியில்தான் புகும். திரியை மெல்ல மெல்ல உருவினேன். கடைசித் துண்டு வந்ததும் இருமினார். சளி என் முகத்தில் அடித்தது. ஞானசேகரம் வேலியோரம் ஓடி வாந்தியெடுத்தான். எனக்கு அருவருப்பு அந்தச் சளியில் அல்ல.

"தம்பி, வாயைக் கழுவிப்போட்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை எடும். ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

எடுத்தான். வழிநெடுக முகத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்டினான்.

வீக்கம் வற்ற ஆறு நாள் சென்றது. கண் திறந்த அன்று இராசையா காகிதம் வாங்கி எழுதினார்: 'இனி நான் எங்கை இருந்து சாப்பிடுறது?'

"உங்கட குசினியிலை," என்றேன். "ஏலாதவர் வீட்டுக்குப் பின்னாலை, கோடிக்குள்ளை போய்ச் சாப்பிடட்டும்."

கனகமணி, ஓம் என்றாள். கட்டி அவரைக் கொண்டுபோகும் வரை, பத்து மாதம், கஞ்சியை அங்கேயே குடித்தார். தம்பி அந்த வீட்டில் கை நனைக்கவில்லை.